பல் புதிது, நாக்கின் பழக்கம் பழையது

கேள்வி: எனக்கு வயது 61. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது வீட்டில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். மேல்வரிசைப் பற்கள் எல்லாம் போய், எட்டு வருடம் கழற்றி மாட்டும் பல்செட் போட்டிருந்தேன். இந்த வருடம் மேல்தாடையில் ஆறு இம்ப்ளான்ட் (எலும்புக்குள் பதிக்கும் டைட்டானியத் திருகு) வைத்து, அதன்மேல் கழற்ற முடியாத பல்வரிசை பொருத்தினார்கள். பல் பொருத்தி ஏழு வாரம் ஆகிறது. சாப்பிடுவதில் குறையில்லை. பேச்சுதான் சரியில்லை. ‘பாசம்’, ‘வாசல்’ என்றால் விசில் அடிக்கிறது, எச்சிலும் தெறிக்கிறது. ‘வ’ தடுமாறுகிறது. ‘ழ’, ‘ள’ மட்டும் முன்பைவிட நன்றாக வருகின்றன. சாயங்காலமானால் நாக்கும் தாடையும் அசந்துபோகின்றன. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். யூடியூப் பார்த்து பலூன் ஊதுகிறேன், கன்னத்தை உப்பிப் பிடிக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு மையத்தில் மூன்று மாத ‘முகத் தசைப் பயிற்சி’, கூடவே மின்னதிர்வு சிகிச்சை என்று பெரிய தொகை சொல்கிறார்கள். பல் டாக்டரோ ‘போகப் போகப் பழகிவிடும்’ என்கிறார். அந்த மையத்தில் சேரலாமா?
— திண்டுக்கல் மாவட்ட வாசகி

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு, வணக்கம்.

இப்போதைக்குச் சேர வேண்டாம். பலூன் ஊதுவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். உங்களுக்குப் பயிற்சி தேவைதான், ஆனால் அது வேறு வகையான பயிற்சி. அதற்கும் முன்னால் பல் டாக்டரிடம் ஒரு முறை போய் வர வேண்டும். இந்த வரிசை முக்கியம். பல்லின் வடிவத்தில் இருக்கும் குறையை நாக்குப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. நாக்கின் பழக்கத்தில் இருக்கும் குறையைப் பல்லைத் தேய்த்தும் சரிசெய்ய முடியாது. உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதாகத் தோன்றுகிறது.

தசை பலவீனம் என்று நான் நினைக்காததற்குக் காரணம் நீங்கள் எழுதிய ஒரு வரி. ‘ழ’வும் ‘ள’வும் நன்றாக வருகின்றன என்கிறீர்கள். நாக்கு நுனியை மேலே வளைத்து அண்ணத்துக்குக் கொண்டுபோவது தமிழில் நாக்கு செய்யும் வேலைகளிலேயே கடினமானது. பலமில்லாத நாக்கு முதலில் அங்கேதான் தோற்கும். உங்களுக்கு அது முன்பைவிடத் தெளிவாக வருகிறது என்றால் நாக்கிலும், அதை அசைக்கும் நரம்பிலும் கோளாறு இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். முன்பைவிட நன்றாக வரவும் காரணம் இருக்கிறது. பழைய பல்செட்டின் பிளாஸ்டிக் தகடு உங்கள் அண்ணத்தை மூடியிருந்தது. இப்போது பல்வரிசை குதிரை லாட வடிவில் ஓரமாக நிற்கிறது, அண்ணம் திறந்துவிட்டது. நாக்கு எட்டு வருடத்துக்குப் பிறகு சொந்த அண்ணத்தைத் தொடுகிறது.

அந்த எட்டு வருடத்தில் நாக்கு இன்னொன்றையும் கற்றுக்கொண்டது. கழற்றும் பல்செட் பேசும்போதும் சிரிக்கும்போதும் நழுவப் பார்க்கும். அதைக் கீழே விழாமல் பிடித்துவைக்க நாக்கின் நடுப்பகுதி மேல்நோக்கி அழுத்தும், கன்னத் தசை பக்கவாட்டில் இறுகும், மேலுதடு கீழே இழுத்துப் பிடிக்கும். போட்டிருப்பவருக்கே தெரியாமல் நாள் முழுக்க இது நடக்கும். இப்போது பல் எலும்போடு சேர்ந்து நிற்கிறது, பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வீடு மாறிய பிறகும் இருட்டில் கை பழைய சுவிட்சைத் தேடுவதுபோல, உங்கள் நாக்கும் கன்னமும் இல்லாத பல்செட்டைத் தாங்கிக்கொண்டே இருக்கின்றன. சாயங்காலம் நாக்கு அசந்துபோவதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். ஏற்கெனவே அதிகமாக வேலை செய்யும் தசைக்குப் பலூனும் கன்னம் உப்புவதும் மேலும் இறுக்கத்தைத்தான் சொல்லிக்கொடுக்கும்.

சரி, விசிலுக்கு வருவோம். ‘பாசம்’ என்பதில் வரும் ‘ச’வுக்கு நாக்கின் இரண்டு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு குறுகிய பள்ளம் மட்டும் திறந்திருக்கும். அந்தப் பள்ளம் வழியாக வரும் காற்று முன்பற்களின் விளிம்பில் மோதிச் சீறும். அந்தச் சீறல்தான் ‘ஸ்’ ஒலி. அப்போது மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கும். பள்ளம் தேவைக்கு மேல் குறுகினால் விசில் வரும். அகன்று தட்டையானால் ‘ஸ’ போய் ‘ஷ’ மாதிரி கேட்கும். முன்பல்லுக்குப் பின்னால் புதுப் பல்வரிசை கொஞ்சம் தடித்திருந்தாலோ, பக்கவாட்டுப் பற்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றாலோ இந்தக் கணக்கு மாறிவிடும்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ‘பச்சை’, ‘மூச்சு’, ‘எச்சில்’ என்று சொல்லுங்கள். பிறகு ‘பாசம்’, ‘மாசி’, ‘காசு’. இரட்டை ‘ச்ச’வில் நாக்கு முதலில் அண்ணத்தில் ஒட்டிக் காற்றை முழுக்க அடைத்துவிட்டுத்தான் திறக்கும், அதனால் அது பெரும்பாலும் தப்பிவிடும். முதல் வரிசை தெளிவாகவும் இரண்டாவது விசிலோடும் வந்தால், குறை காற்று போகும் பாதையில் இருக்கிறது என்று பொருள். டாக்டரிடம் இதை அப்படியே சொல்லிக் காட்டுங்கள். ‘பேச்சு சரியில்லை’ என்று சொல்வதைவிட இது அவருக்குப் பயன்படும்.

எச்சில் தெறிப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. பல்வரிசைக்கும் ஈறுக்கும் நடுவே, பிரஷ் நுழைந்து சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்காகச் சின்ன இடைவெளி விடுவார்கள். அது அவசியமானது, இல்லாவிட்டால் இம்ப்ளான்டைச் சுற்றி ஈறு வீங்கி எலும்பு கரையும். ஆனால் முன்பக்கத்தில் அந்த இடைவெளி கூடிவிட்டால் பேசும்போது காற்றும் எச்சிலும் அதன் வழியாக வெளியேறும். மேலுதட்டை விரலால் லேசாக ஈறின்மேல் அழுத்திக்கொண்டு ‘வாசல்’ சொல்லிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் அந்த இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘இது தற்காலிகப் பல்வரிசையா, இறுதியானதா?’ மேல்தாடை முழுக்க இம்ப்ளான்ட் வைக்கும்போது பல இடங்களில் முதலில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் தற்காலிக வரிசை ஒன்று போடுவார்கள். எலும்பு இம்ப்ளான்டைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும், அதுவரை அதுதான் இருக்கும். உங்களுடையது அப்படியானால் நல்ல நேரத்தில் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அக்ரிலிக்கைத் தேய்க்கலாம், சேர்க்கலாம். அதில் பேச்சு சரியாக அமைந்த பிறகு அதே வடிவத்தை இறுதிப் பல்லுக்கு நகலெடுக்கலாம். சிர்கோனியா என்ற கடினமான பீங்கான் வகையில் இறுதி வரிசை வந்துவிட்டால் அதில் கை வைப்பது சிரமம், செலவும் கூடும். ‘பழகிவிடும்’ என்று காத்திருந்து இந்தச் சில மாதங்களை வீணாக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான். டாக்டர் சொல்வது பொய்யில்லை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பழகத்தான் செய்கிறது. ஆனால் ஏழு வாரத்துக்குப் பிறகும் அதே எழுத்தில், அதே மாதிரி, குறையாமல் விசில் வந்தால் அதைப் பரிசோதித்துப் பார்ப்பதே முறை.

பரிசோதனை எளிதானது. இங்கிலீஷில் அறுபதிலிருந்து எழுபது வரை எண்ணச் சொல்வார்கள். ‘சிக்ஸ்ட்டி சிக்ஸ்’ என்பதில் ‘ஸ்’ அடுக்கடுக்காக வருவதால் இந்த ஏற்பாடு. பல்லின் உள்பக்கத்தில் சிறிது மெழுகை ஒட்டி மறுபடி எண்ணச் சொல்லலாம். ஒலி மாறினால் எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். எண்ணும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ‘டக் டக்’ என்று மோதுகின்றனவா என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். மோதினால் கடிமானத்தின் உயரம் கூடியிருக்கலாம். தாடை அசதிக்கு அதுவும் காரணமாகும்.

‘வ’வுக்குக் கீழுதடு மேல் முன்பல்லின் விளிம்பை லேசாகத் தொட வேண்டும். ‘ஃப’வும் அங்கேதான். உதட்டின் ஈரப் பகுதியும் உலர்ந்த பகுதியும் சேரும் கோட்டில் பல் விளிம்பு பட்டால் சரியான நீளம். ‘ஃபிஃப்டி ஃபைவ்’ என்று கண்ணாடி முன்னால் சொன்னால் தெரியும். பல் அதைவிட நீளமாகவோ உள்ளே தள்ளியோ இருந்தால் டாக்டர் பார்த்துக்கொள்வார். சரியான இடத்தில் இருந்தும் தடுமாறினால் அது பழக்கம், சீக்கிரம் சரியாகும்.

இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு ஒன்று உண்டு. அதில் உள்ள நரம்பு முனைகள்தான் சோற்றில் கிடக்கும் சிறு கல்லைக்கூட உடனே காட்டிக்கொடுக்கும். இம்ப்ளான்டில் அந்த நார் இல்லை. டைட்டானியம் நேராக எலும்போடு ஒட்டிவிடுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் பிரனேமார்க் இந்த ஒட்டுதலை வைத்து 1965-இல் முதல் நோயாளிக்குப் பல் பொருத்தினார். இன்று போடும் இம்ப்ளான்ட்களின் உறுதியும் அந்த ஒட்டுதலில்தான் இருக்கிறது. ஆனால் உறுதி கிடைத்த இடத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. அதனால் பல்லை எவ்வளவு இறுகக் கடிக்கிறோம் என்பது உங்களுக்குச் சட்டென்று தெரியாது. நாக்கும் உதடும் காதும்தான் அந்தத் தகவலை ஈடுகட்ட வேண்டும்.

தசைப் பயிற்சி முழுக்க வீண் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டியது இறுக்கத்தை விடும் பயிற்சி. பேசாமல், சாப்பிடாமல் இருக்கும்போது உதடுகள் லேசாகச் சேர்ந்திருக்கட்டும். மேல் கீழ்ப் பற்கள் ஒட்டாமல் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் விலகியிருக்கட்டும். நாக்கு நுனி முன்பல்லைத் தொடாமல், அதற்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில் மெதுவாகப் படுத்திருக்கட்டும். அழுத்த வேண்டாம், வைத்தால் போதும். மூச்சு மூக்கு வழியாக. ஒவ்வொரு முறை கடிகாரத்தைப் பார்க்கும்போதும், போனை எடுக்கும்போதும் வாய் இந்த நிலையில் இருக்கிறதா என்று ஒரு கணம் கவனித்துச் சரிசெய்யுங்கள். விழுங்கும்போது நாக்கு முன்பல்லைத் தள்ளுகிறதா என்றும் பாருங்கள். ஒரு வாய் தண்ணீரை வைத்துக்கொண்டு, நாக்கு நுனியை அந்த மேட்டில் வைத்து, உதட்டை இறுக்காமல் விழுங்கிப் பழகுங்கள். காலையில் சில முறை, இரவில் சில முறை. அப்புறம், குளித்த பிறகு இரண்டு விரலால் கன்னத்தின் பின்பகுதியை, கடித்தால் புடைக்கும் இடத்தை, மெதுவாக வட்டமாகத் தேய்த்துவிடுங்கள்.

பலூன் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. மேல் கடைவாய்ப் பக்கம் எலும்பு போதாதவர்களுக்கு சைனஸ் அறையின் தரையை உயர்த்தி எலும்புத் தூள் வைப்பது உண்டு. அப்படிச் செய்திருந்தால் பலூன் ஊதுவதும், ஸ்ட்ராவில் பலமாக உறிஞ்சுவதும், மூக்கைப் பலமாகச் சிந்துவதும் ஆறும் காலத்தில் கூடவே கூடாது. உங்களுக்குச் செய்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மின்னதிர்வு சிகிச்சை உங்களுக்குத் தேவையே இல்லை. முக நரம்பில் பாதிப்பு என்று மருத்துவர் எதுவும் சொல்லாதபோது அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

பேச்சுப் பயிற்சியை, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே தொடங்கலாம். பேச்சைச் சரிசெய்வது பேச்சுதான். உதட்டைக் குவிப்பதும் நாக்கைச் சுழற்றுவதும் அந்தந்த அசைவில்தான் தேர்ச்சி தரும், ‘வாசல்’ என்ற சொல்லுக்கு அது உதவும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை. ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டாம். ஐந்து, பத்து நிமிடம் வீதம் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை போதும். இடைவெளி விட்டுச் செய்யும்போதுதான் புது அசைவு மூளையில் தங்கும்.

முதலில் ‘த்’ என்று நாக்கு நுனியை மெதுவாகத் தட்டுங்கள். த், த், த். நான்காவது தட்டில் நாக்கை முழுக்க எடுக்காமல் மயிரிழை அளவு விலக்கிக் காற்றை விடுங்கள்: த்ஸ்ஸ்ஸ். விசில் வந்தால் நாக்கு நுனியை இம்மி அளவு பின்னுக்கு இழுங்கள், அல்லது கொஞ்சம் தளர்த்துங்கள், காற்றின் வேகத்தையும் குறையுங்கள். பலபேர் விசிலை அடக்க நாக்கை இன்னும் அழுத்துவார்கள், அப்போது பள்ளம் மேலும் குறுகி விசில் கூடிவிடும். தெளிவான சீறல் எங்கே கிடைக்கிறதோ அந்த இடத்தை நாக்கு நினைவில் வைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

பிறகு ஆசா, ஆசி, ஆசு, ஆசே, ஆசோ. முன்னால் உள்ள நெடிலை நன்றாக நீட்டிச் சொன்னால் நாக்குக்குத் தயாராக நேரம் கிடைக்கும். அது வந்தபின் ஆசை, ஓசை, காசு, ஊசி, வாசல், தோசை, பூசணி. கடைசியில் ‘ஸ்’ வரும் பஸ், கிளாஸ், பாஸ் போன்றவை கடினம். அவற்றை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். சொல் சரியானதும் வாக்கியத்துக்குப் போகலாம். ‘வாசலில் பூசணிப் பூ வைத்தது யார்?’ என்பதில் ‘ச’வும் ‘வ’வும் சேர்ந்தே வருகின்றன. ‘ஆசையாக வந்தவருக்குத் தோசை வை’ இன்னொன்று. நீங்கள் டீச்சர், இதைவிட நல்ல வாக்கியங்கள் உங்களுக்கே தோன்றும். வகுப்பில் அடிக்கடி சொல்ல வேண்டியவற்றையே எடுங்கள். சரஸ்வதி, சுரேஷ், சந்தோஷ் என்று பிள்ளைகளின் பெயர்கள் இருந்தால் வருகைப்பதிவு எடுப்பதே ஒரு பயிற்சி. கடைசியாக நாளிதழில் ஒரு செய்தியைச் சத்தமாக வாசியுங்கள், வழக்கமான வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, முக்கால் பங்கு வேகத்தில்.

ஒவ்வொரு நாளும் ஒரே பத்தியை போனில் பதிவு செய்து வாருங்கள். நம் குரல் தலை எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருவதால், நாம் கேட்பதும் எதிரில் இருப்பவர் கேட்பதும் ஒன்றல்ல. உங்களுக்குப் பெரிதாகத் தெரியும் விசில் பதிவில் சிறிதாக இருக்கலாம். வாரம் ஒரு முறை முதல் பதிவையும் புதிய பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் மாற்றம் தெரியும். டாக்டரிடமும் இரண்டையும் போட்டுக் காட்டுங்கள்.

அப்படியே காதையும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். வயதாகும்போது முதலில் குறைவது மேல்சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன், ‘ஸ்’ அந்த மேல்சுருதியில்தான் இருக்கிறது. அது சரியாகக் காதில் விழாவிட்டால் திருத்தவும் முடியாது. வாய் வறட்சியும் நாக்கை ஒட்டவைக்கும். ரத்த அழுத்தம், அலர்ஜி, தூக்கம் இவற்றுக்கான மருந்துகளில் சில உமிழ்நீரைக் குறைப்பவை. நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். பாடம் எடுக்கும்போது பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

உதடு, நாக்கு, முகவாய் எங்காவது மரத்துப்போயிருந்தால், இம்ப்ளான்ட் ஆடுவதுபோல் இருந்தால், ஈறில் சீழோ ரத்தமோ வந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் உடனே பல் டாக்டரைப் பாருங்கள். பேச்சு திடீரென்று குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கையோ காலோ சோர்ந்தாலோ அதற்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை. அது பக்கவாதமாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள்.

பல்லின் வடிவம் சரி என்று டாக்டர் உறுதியாகச் சொல்லி, ஆறு வாரம் இப்படிப் பயிற்சி செய்தும் விசில் நின்றபாடில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை நேரில் பாருங்கள். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் (RCI) பதிவு பெற்றவரா என்று தயங்காமல் பதிவு எண்ணைக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அவர் உங்களைப் பேசவைத்துக் கேட்ட பிறகே திட்டம் போட வேண்டும். பேசவே வைக்காமல் எல்லாருக்கும் ஒரே மூன்று மாதப் பேக்கேஜை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிள்ளைகள் சிரிப்பது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. வாழ்நாளெல்லாம் உச்சரிப்பைத் திருத்தியவர் நீங்கள். மறைக்காமல் அவர்களிடமே சொல்லிவிடுங்கள்: ‘டீச்சருக்குப் புதுப் பல் வைத்திருக்கிறார்கள், பேசிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.’ ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது புரியும். விசில் வரும்போது விரலைத் தூக்கிக் காட்டும் வேலையை அவர்களில் ஒருவருக்கே கொடுத்துவிடலாம். இரண்டு மணி நேரம் தொடர்ந்து பேசுவதாக இருந்தால் கொஞ்ச நாளைக்கு நடுவில் பத்து நிமிடம் எழுத்து வேலை கொடுத்து நாக்குக்கு ஓய்வு விடுங்கள்.

பல் டாக்டரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். இப்போது இருப்பது தற்காலிக வரிசை என்றால், இறுதிப் பல்லுக்கு எப்போது அளவெடுக்கப்போகிறார் என்பதையும் கேட்டு வாருங்கள், அதற்குள் ‘ச’வைச் சரிபார்த்து முடிக்க வேண்டும்.